வானத்தின் கீழே வேதக் கதை

1905ஆம் ஆண்டு டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. நாடு திரும்பினால் போதும் என்ற நிலையில், படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் விற்க முன்வந்தார். வாங்கியவர் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. வாங்கிய சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் ஒன்று. வின்சென்ட் ரயில்வே வேலையை உதறிவிட்டு, ஒரு கூடாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெற்கே தொடங்கிய அந்தப் பயணம் வடக்கே பெஷாவர் வரை நீண்டது. கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையை அவர் கட்டியது 1914இல்தான். அதுவரை ஊருக்கு ஊர் கிடைத்த வெட்டவெளியில் அடித்த கூடாரமே அவருடைய அரங்கம்.

சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தென்னிந்தியத் திரைத்தொழிலின் பிறப்புக் கதையாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தமிழர்கள் முதன்முதலில் பார்த்த அசையும் படங்களில் கிறிஸ்துவின் கதையும் இருந்தது. அதை அவர்கள் மைதானத்தில், ஊரோடும் உறவோடும் உட்கார்ந்து பார்த்தார்கள். கிறிஸ்தவப் படம் பார்ப்பது, ஒலிநாடகம் கேட்பது, குடும்பத்தோடு வெளியில் பொழுதைக் கழிப்பது என்று இன்று நாம் பிரித்துப் பேசும் மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாலைப் பொழுதுக்குள் அடங்கியிருந்தன. கதையை எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதே, அது எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானித்தது. இந்த உறவை நாம் மறந்துவிட்டதால் தமிழில் கிறிஸ்தவ ஒலிநாடகம் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்பது என் கருத்து.

வின்சென்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1900 செப்டம்பர் 13 அன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர மண்டபத்தில் இரட்சணிய சேனையினர் ‘சிலுவையின் வீரர்கள்’ என்ற நிகழ்ச்சியை அரங்கேற்றினார்கள். சேனையை நிறுவிய வில்லியம் பூத்தின் மகன் ஹெர்பர்ட் பூத் அதை நடத்தினார். படம் பிடித்தவர் ஜோசப் பெர்ரி. ஆதி சபையின் இரத்தசாட்சிகளைப் பற்றிய சொற்பொழிவுதான் அது. பேச்சின் ஊடே ஏறத்தாழ 200 கண்ணாடிப் படங்களும், ஒன்றரை நிமிடம் போல ஓடும் சில படத்துண்டுகளும் திரையில் வந்து போயின. படத்துண்டுகளை எடுத்த இடம் முரம்பீனா என்ற புறநகரில் சேனை நடத்திய பெண்கள் இல்லத்தின் டென்னிஸ் மைதானம். ரோமாபுரியைத் துணியில் வரைந்து பின்னால் தொங்கவிட்டு, கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்கு இரையாக்கும் காட்சியை நல்ல வெயிலில் எடுத்தார்கள். படத்துண்டுகள் அழிந்துவிட்டன. கண்ணாடிப் படங்கள் மிஞ்சியிருக்கின்றன.

அந்த மாலையில் படம் துணைக்கு வந்த பொருள்தான். கதையைத் தாங்கியது மனிதக் குரல். நம் ஊர் மௌனப்படக் கொட்டகைகளிலும் திரையின் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிக்கொண்டே போவார். குழந்தை அழும், யாரோ தாமதமாக வந்து இடம் தேடுவார்கள், காற்றில் திரை உப்பும். இத்தனைக்கும் நடுவே கதை கைவிட்டுப் போகாமல் பிடித்து வைத்தது அந்தக் குரல். குடும்பமாகப் பார்த்ததன் விளைவுக்கும் ஒரு சான்று உண்டு. 1910–11 வாக்கில் பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, மனைவி சரஸ்வதிபாயையும் கூட்டிப்போய்க் காட்டினார். கண் முன்னே கிறிஸ்துவின் கதை ஓட, தன் மனத்தில் கிருஷ்ணனும் ராமனும் ஓடியதாக அவர் பின்னாளில் எழுதினார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வை அவர் 1913இல் கொண்டுவந்ததற்கு, குடும்பத்தோடு பார்த்த அந்தக் கிறிஸ்தவப் படமும் ஒரு காரணம்.

மின்சாரமும் நிரந்தரக் கொட்டகையும் வந்த பிறகும் கிறிஸ்தவப் படம் மைதானத்தை விட்டுப் போகவில்லை. 1978இல் தெலுங்கில் வெளிவந்த ‘கருணாமயுடு’ இதற்கு நல்ல சான்று. விஜயசந்தர் இயேசுவாக நடித்த அந்தப் படத்தை இயக்கியவர் நம் ஏ. பீம்சிங். ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’ என்று குடும்பக் கதைகளில் கைதேர்ந்தவர். இந்தியிலும் பிற மொழிகளிலும் பேசவைக்கப்பட்ட அந்தப் படத்தை ஊழியக் குழுக்கள் கருவியோடும் ஜெனரேட்டரோடும் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயின. அடுத்த ஆண்டு, 1979இல், ஹாலிவுட்டின் ‘ஜீசஸ்’ வந்தது. லூக்கா சுவிசேஷத்தை அடியொற்றி எடுத்த படம். பிரையன் டீக்கன் இயேசுவாக நடித்தார். அமெரிக்கத் திரையரங்குகளில் அது பெரிதாக ஒன்றும் ஓடிவிடவில்லை. ஆனால் இன்று 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது. உலகில் இத்தனை மொழி பேசும் வேறொரு கதைப்படம் இல்லை.

வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தால் ‘ஜீசஸ்’ மெதுவாக நகரும் படம். முகத்துக்கு மிக அருகில் போகாத காட்சிகள், இடையிடையே கதையைத் தொடுத்துக் கொடுக்கும் குரல், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்ததற்குப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் பழகிய கண்ணுக்கு அலுப்புத் தட்டும். அதே படத்தைக் கோயில் மைதானத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில் பார்த்தால், அந்த நிதானத்தின் பயன் தெரியும். பாதியில் வந்தவருக்கும் கதை பிடிபடும். பாட்டி பேரனுக்குச் சொல்லிக் கொடுக்க அவகாசம் கிடைக்கும். முன்னால் இடமில்லாதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள்; அவர்களுக்குப் படம் இடம் வலமாகத் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் கண்ட இயேசு இடக்கையால் அப்பம் பிட்டிருப்பார், எழுத்துகள் இடவலம் மாறி ஓடியிருக்கும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. குரல் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே கேட்டது!

ஆனால் படத்துக்குத் தீராத சங்கடம் ஒன்று உண்டு. இயேசுவுக்கு யாராவது ஒருவருடைய முகத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் பார்த்தவர் மனத்தில் அந்த முகமே தங்கிவிடும். ஒலிநாடகத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. இதை இருபதாம் நூற்றாண்டில் மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி லண்டனில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிபிசி வானொலியில் ‘சிறுவர் நேரம்’ என்ற நிகழ்ச்சி உண்டு. அதன் ஞாயிறு ஒலிபரப்புக்காக இயேசுவின் வாழ்க்கையை நாடகமாக எழுதித் தரும்படி, சமய ஒலிபரப்புப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் வெல்ச், டோரதி சேயர்ஸைக் கேட்டார். சேயர்ஸ் அப்போது துப்பறியும் நாவல்களால் நாடறிந்தவர். சமயச் சிந்தனையிலும் ஆழம் உள்ளவர். அவர் எழுதிய பன்னிரண்டு நாடகங்கள் ‘அரசனாகப் பிறந்த மனிதர்’ என்ற பெயரில் 1941 டிசம்பர் முதல் 1942 அக்டோபர் வரை, ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக ஒலிபரப்பாயின. தயாரிப்பாளர் வால் கீல்குட். இயேசுவுக்குக் குரல் கொடுத்தவர் ராபர்ட் ஸ்பெய்ட்.

பிரிட்டனில் அன்று மேடையில் யாரும் இயேசுவாகத் தோன்றக் கூடாது என்ற தடை இருந்தது. நாடகத் தணிக்கை அதிகாரம் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் கையில். அந்த அதிகாரம் நீங்கியது 1968இல்தான். வானொலியில் ஆள் தெரியாது என்பதால் இந்த நாடகங்கள் தடைக்கு வெளியே நின்றன. எதிர்ப்பு வேறு வழியில் வந்தது. முதல் ஒலிபரப்புக்குச் சில நாள் முன்பு நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் சேயர்ஸ் சில உரையாடல்களை வாசித்துக் காட்டினார். சீடர்கள் தெருவில் பேசுகிற ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்று மறுநாள் பத்திரிகைகள் கூச்சலிட்டன. ஓய்வுநாள் ஆசரிப்புச் சங்கத்தார் விளம்பரம் கொடுத்தார்கள், மனுக்கள் அனுப்பினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது, இந்த நாடகத்தால் வந்த தெய்வ கோபம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பிபிசி நிறுத்தவில்லை. எதிர்த்தவர்கள் செய்த விளம்பரத்தால் நாடகத்தைக் கேட்டவர்கள் தொகை கூடியதுதான் மிச்சம்.

சேயர்ஸ் எதற்காக அந்தப் பேச்சுமொழிக்கு அப்படிப் பிடிவாதம் பிடித்தார்? வேதாகமத்தில் வருபவர்கள் கண்ணாடி ஓவியத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அல்ல. வரி கட்டியவர்கள், வலை இழுத்தவர்கள், அக்கம்பக்கத்தில் சண்டை போட்டவர்கள். கேட்கிறவர் காதில் அவர்கள் மனிதர்களாக விழாவிட்டால், அவர்களுக்கு நடந்தவையும் உண்மையில் நடந்தவையாக விழா. யூதாஸை அவர் வெறும் பணப்பேயாக எழுதவில்லை. கூர்மையான அறிவும் தன் அறிவின் மேல் தீராத கர்வமும் உள்ளவனாக எழுதினார். சிறுவர் நிகழ்ச்சிதானே என்று எளிமைப்படுத்தச் சொன்ன தயாரிப்புக் குழுவினரோடு சண்டை போட்டார். ஒப்பந்தத்தையே கிழித்து அனுப்பும் அளவுக்குப் போனார்; பிறகுதான் வேறு தயாரிப்பாளரோடு வேலை தொடர்ந்தது. பிள்ளைகளுக்குப் புரியாத இடம் இருந்தால் இருக்கட்டும், பெரியவர்களும் பக்கத்தில்தானே இருக்கிறார்கள் என்பது அவர் பக்கத்து நியாயமாக எனக்குத் தோன்றுகிறது. குடும்பமாகக் கேட்கும் நாடகத்துக்கு இதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

அமெரிக்காவில் இந்தக் கலை வேறு பாதையில் போனது. சிகாகோவின் பசிபிக் கார்டன் மிஷன், குடியிலும் தெருவிலும் சீரழிந்து மீண்டவர்களின் உண்மைக் கதைகளை 1950இல் வானொலி நாடகமாக்கத் தொடங்கியது. ‘அன்ஷேக்கிள்ட்’ என்ற அந்தத் தொடர் இன்னும் நிற்கவில்லை. 1987 நவம்பரில் ‘அட்வெஞ்சர்ஸ் இன் ஒடிஸி’ வந்தது. ஒடிஸி என்ற கற்பனை ஊர், அங்கே பிள்ளைகள் கூடும் ஐஸ்கிரீம் கடை, கடைக்காரரான விட்டேக்கர் தாத்தா. கிட்டத்தட்ட அரை மணி நேரத்துக்குள் முடியும் கதைகள். தாத்தாவுக்குக் குரல் கொடுத்த ஹால் ஸ்மித் 1994இல் இறந்தபோது, உடனே வேறொருவரைப் பேசவைக்காமல், தாத்தா மத்திய கிழக்குக்குப் போயிருக்கிறார் என்று கதையை நகர்த்தினார்கள். புதிய குரல் வந்தது சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து. முகம் தெரியாத ஒருவரைப் பிள்ளைகள் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா!

கேசட்டாக வந்த அந்தக் கதைகள் நெடுந்தூரக் கார்ப் பயணங்களில் குடும்பங்களுக்கு வழித்துணையாயின. கண்ணுக்கு வேலை இல்லாததால் அப்பா சாலையைப் பார்க்கலாம், பிள்ளைகள் மலையைப் பார்க்கலாம். எல்லோர் காதிலும் ஒரே கதை ஓடும். படம் இதைச் செய்யாது. படத்துக்கு இருட்டும் வேண்டும், முழுக் கவனமும் வேண்டும். வெளியில் குடும்பத்தோடு போகிறபோது பிள்ளைகள் கையில் திரையைக் கொடுத்துவிட்டால், மலைக்குப் போனதும் வீட்டில் இருந்ததும் ஒன்றுதான். ஒடிஸி தொடரில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு கதையும் முடிந்ததும் தொகுப்பாளர் வந்து, கதையின் பாடத்தைச் சொல்லி, அதற்குரிய வசனத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் பேச வேண்டிய பேச்சை அவர் பேசிவிடுகிறார். அந்த ஒரு நிமிடத்தை நிறுத்திவிட்டுக் கேட்பது நல்லது.

வேதாகமக் கதைகளில் பெரும்பாலானவை வெட்டவெளியில் நடப்பவை. ஆபிரகாமின் கூடாரம், யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல், தாவீதின் மேய்ச்சல் நிலம், ஏரி, மலை, தோட்டம், எம்மாவு ஊருக்குப் போகும் வழி. கலிலேயாக் கடல் என்று நாம் சொல்வது 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சுற்றியுள்ள மேட்டிலிருந்து காற்று திடீரென இறங்கினால், அமைதியாகக் கிடந்த தண்ணீர் சற்று நேரத்தில் கொந்தளிக்கும். இயேசு படகில் உட்கார்ந்து கரையில் நின்ற கூட்டத்துக்குப் பேசினார் என்று சுவிசேஷம் சொல்கிறது. கப்பர்நகூமுக்கு அருகில், கரை வளைந்து சரிவாக ஏறும் ஓரிடத்தை காபி கிரிஸ்லர் என்ற ஆய்வாளர் ஒலியியல் பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து சோதித்தார். 1976இல் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவு: நீரோரத்திலிருந்து ஒருவர் பேசினால், கருவி எதுவும் இல்லாமலே, அந்தச் சரிவில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் கேட்க முடியும். உவமைகள் முதலில் ஒலித்த அரங்கத்தைக் கரையும் தண்ணீரும் சேர்ந்தே அமைத்துக் கொடுத்திருக்கின்றன.

இந்த நிலத்தைப் பிள்ளைகளின் காலடிக்கே கொண்டுவந்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். மெதடிஸ்ட் போதகர் ஜான் ஹேல் வின்சென்டும் தொழிலதிபர் லூயிஸ் மில்லரும் 1874இல் அங்கே கோடைகாலப் பயிற்சி முகாமைத் தொடங்கினார்கள். ஏரிக்கரையில் புனித பூமியின் சிறு வடிவத்தை மண்ணால் அமைத்தார்கள். பள்ளத்தில் சாக்கடலும் யோர்தானும், மேட்டில் எருசலேம். ஷட்டாக்குவா ஏரியே மத்தியதரைக் கடல். நாசரேத்திலிருந்து எருசலேமுக்குச் சில எட்டில் நடந்துவிடலாம். ‘பாலஸ்தீனப் பூங்கா’ என்ற அந்த மண்மேடுகள் இன்றும் இருக்கின்றன. திரையோ ஒலிப்பெட்டியோ இல்லாமல், கதையைக் காலால் நடந்து கற்கிற முறை அது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழி ஏன் இறக்கம் என்று அந்த மேட்டில் நடந்த பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் நிலத்துக்கு இதெல்லாம் அந்நியமில்லை. தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களின் கோயில் மைதானங்களில் நடக்கும் பாஸ்காவை நினைத்துப் பாருங்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்து, சின்னப் பிள்ளைகள் மடியில் தூங்க, பெரியவர்கள் விடிய விடியப் பார்க்கும் நாடகம் அது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்து இதே மண்ணில் வேர் பிடித்தது. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர் நடந்த ஆண்டுகளிலும் திருப்பாடுகளின் நாடகத்தை விடாமல் மேடையேற்றியது. வானொலியும் நமக்குப் புதிதல்ல. செஷல்ஸ் தீவில் பவளப்பாறைத் திட்டில், கடலுக்குள்ளேயே கம்பங்களை நட்டு, ஃபீபா வானொலி 1970 முதல் 2003 வரை சிற்றலையில் ஒலிபரப்பியது. தமிழ் நிகழ்ச்சிகளும் அதில் உண்டு.

ஆக மைதானம் நம்மிடம் இருக்கிறது, கேட்கும் பழக்கமும் இருக்கிறது. இல்லாதது பேச்சு. தமிழில் வேதக் கதைகளை நாடகமாக்கிய ஒலிப்பதிவுகளில் நான் கேட்டவற்றில் பெரும்பாலானவை, பேதுருவையும் மார்த்தாளையும் பிரசங்கத் தமிழிலேயே பேசவைக்கின்றன. திருவசனத்தை வசனமாகவே வாசிப்பது வேறு. அதில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. நாடகம் என்று வந்துவிட்டால், இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் கரையேறுகிறவன் சலித்துக்கொள்வது காதில் விழ வேண்டும். ‘ஐயரே’ என்று அவன் இயேசுவைக் கூப்பிடும்போது களைப்பும் மரியாதையும் சேர்ந்து வர வேண்டும். பாஸ்கா நாடகங்களில் போர்ச்சேவகர்களும் சந்தைக்காரிகளும் அந்தந்த ஊர்ப் பேச்சில் பேசும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. அதே உரிமையை ஒலிநாடகத்தில் சீடர்களுக்கும் கொடுக்க நாம் ஏன் தயங்குகிறோம்? 1941இல் லண்டனில் எழுந்த அதே பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்: பேச்சுமொழி புனிதத்தைக் குறைத்துவிடும் என்ற பயம்.

இதை மாற்றப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். அமெரிக்காவின் ஆல்பனி என்ற ஊரில் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் தங்கள் சபை மக்களையே நடிகர்களாகவும் உதவியாளர்களாகவும் வைத்து, சுமார் ஒரு லட்சம் டாலரில் எடுத்த ‘ஃபேசிங் த ஜயன்ட்ஸ்’ 2006இல் திரையரங்குகளுக்கு வந்து வசூலில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஒலிநாடகத்துக்கு அந்தச் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மணப்பாட்டுக் கரையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகைக்குப் பக்கத்தில் போய் நின்றால், பாறையில் அலை மோதும் சத்தம் கூலி கேட்காமல் கிடைக்கும். படகை மணலில் இழுக்கும்போது போடும் ஏலேலோ, வலையை உதறும் சத்தம், ஏலக்காரரின் குரல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. தூத்துக்குடிக் கரையில் கடலுக்குப் போய்வருகிற ஒருவர் பேதுருவாகப் பேசட்டும். பதிவு செய்ததை முதலில் அதே கரையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு மணலில் வந்து உட்காருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டட்டும். புயலைப் பற்றிய காட்சியில் எந்த இடம் பொய்யாகப் படுகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.